ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு நர்ஸ் வேலைக்கு வரும் தம்பிக்கு

தம்பி, நடு ஆஸ்திரேலியாவில் இருக்கும் இந்த ஊருக்கு வருமுன் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். வாடகை, கார், வெயில் பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் பூர்வகுடிப் பெண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கிளினிக்கில் தினமும் அவர்களோடுதான் பேசப் போகிறீர்கள்.

நான் வந்த முதல் மாதம். ஒரு குழந்தையோடு மூன்று பெண்கள் வந்தார்கள். "அம்மா யார்?" என்று கேட்டால் மூவரும் தலையாட்டினார்கள். "பெற்ற அம்மா யார்?" என்று குரலை உயர்த்திவிட்டேன். மூத்தவர் முகம் இறுகிப்போனது. அது இன்றைக்கும் உறுத்துகிறது. இங்குள்ள பூர்வகுடி மொழிகளில் ஒன்றான பிட்ஜன்ட்ஜாராவில் ஙுஞ்சு என்றால் அம்மா. அம்மாவின் அக்கா தங்கைகளுக்கும் அதே சொல்தான். பெரியம்மா மடியிலும் சின்னம்மா மடியிலும் வளர்ந்த எனக்கு அது உடனே புரிந்திருக்க வேண்டும்!

அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் வேறொரு கனமும் உண்டு. பழைய தந்தி நிலையத்தைச் சுற்றிப் பார்க்கப் போவீர்கள். 1932 முதல் 1942 வரை அங்கேதான் 'பங்களா' என்ற விடுதி இருந்தது. வெள்ளைக்காரத் தகப்பனுக்குப் பிறந்த பூர்வகுடிக் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து அரசு அங்கே வைத்திருந்தது. கையில் படிவத்தோடு ஒருவர் வந்து "அம்மா யார்?" என்று கேட்டால் பாட்டிமாருக்கு எது நினைவுக்கு வரும், யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், 'உமன்ஸ் பிசினஸ்' என்ற சொல்லை அடிக்கடி கேட்பீர்கள். பெண்களுக்கே உரிய சடங்கு, பாட்டு, பிரசவம், அதைச் சார்ந்த அறிவு எல்லாம் அதில் அடங்கும். ஆண்களுக்கு அதில் இடமில்லை. ஆண்களுக்கும் அப்படித் தனியே உண்டு. அதனால் கர்ப்பம், மாதவிடாய் என்று பேச்சு வந்தால் நீங்கள் கேள்வி கேட்காமல் பெண் நர்ஸை அழைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மாமியார் இருக்கும் அறைக்குள் மருமகன் வரமாட்டார், பேசவும் மாட்டார். சண்டை என்று நினைத்துவிடாதீர்கள், அது மரியாதை. வேறு இடத்தில் உட்காரவைத்தால் போதும்.

ஒதுங்கி இருப்பதைப் பார்த்து வாயில்லாப் பூச்சிகள் என்று எண்ணிவிட வேண்டாம். தெற்கு ஆஸ்திரேலியாவில் பிட்ஜன்ட்ஜாரா மக்களின் நில உரிமைப் பேச்சு நடந்தபோது தங்கள் குரல் கேட்கப்படவில்லை என்று பெண்கள் 1980-இல் தங்களுக்கென்றே ஒரு கவுன்சில் தொடங்கினார்கள். என்.பி.ஒய். (மூன்று பூர்வகுடி மக்களின் பெயர்களுடைய முதலெழுத்துகள்) பெண்கள் கவுன்சில் என்று இங்கே கேட்டால் எல்லோருக்கும் தெரியும். அவர்களின் 'ஜான்பி' புல் கூடைகள் 1995-இல் தொடங்கிய முயற்சி. பரிசு வாங்குவதென்றால் அதை வாங்குங்கள்.

நம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் அவர்களுக்கு ஏழு சகோதரிகள். ஒரு பாட்டி அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட்டு நிறுத்தினால் மீதியைத் துருவாதீர்கள். சில பகுதிகள் உங்களுக்கானவை அல்ல. அவராகச் சொல்லும்வரை 'ஆன்ட்டி' என்றும் கூப்பிட வேண்டாம். இங்கே அது மூத்தவர்களுக்கான மரியாதைப் பெயர்.

இப்போது நான் கேட்பது இப்படி: "இந்தப் பிள்ளையை யாரெல்லாம் பார்த்துக்கொள்கிறீர்கள்?" படிவத்தில் இடம் போதாவிட்டால் பின்பக்கம் எழுதிக்கொள்கிறேன்.