சூலூரில் எடுத்த போர் விமானப் படங்கள் எல்லாம் நெளிகின்றன, லென்ஸ் போச்சா?

தண்டையார்பேட்டை ஸ்டுடியோ (ஆகஸ்ட் 17, 2024)

எல்லோருக்கும் வணக்கம். நான் கல்யாணப் படம் எடுப்பவன். விமானம் எனக்குப் புதுசு. பத்திரிகையில் இருக்கும் நண்பர் ஒருவர், இரண்டாவது கேமராவுக்கு ஆள் வேண்டும் என்று என்னைக் கோவைக்குப் பக்கத்தில் இருக்கும் சூலூர் விமானப்படைத் தளத்துக்கு அழைத்துப் போனார். முறைப்படி அனுமதி வாங்கித்தான் உள்ளே போனோம். இந்த மாதம் 6 முதல் 14 வரை அங்கே நடந்த தரங் சக்தி பன்னாட்டு விமானப்படைப் பயிற்சி. நம் தேஜஸ், ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் எல்லாம் ஒரே இடத்தில். வாழ்நாளில் ஒரு தடவை கிடைக்கிற வாய்ப்பு.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் வயிறு எரிகிறது. 900 படத்தில் தேறுவது முப்பதோ நாற்பதோதான். ஓடுபாதையில் ஊர்ந்து வருகிற விமானங்கள் எல்லாம் பானைத் தண்ணீருக்குள் பார்த்த மாதிரி இருக்கின்றன. விளிம்பு நெளிகிறது. வால் பகுதியில் எழுதியிருக்கும் எண்கூடப் படிக்க முடியவில்லை.

கேமரா நிகான் டி500, லென்ஸ் நிகான் 200-500 மிமீ. லென்ஸ் பழசு வாங்கியது, எட்டு மாதம் ஆகிறது. ஒரு ரிப்பேர் கடையில் காட்டினேன். கையில் வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது, 14,000 ஆகும் என்றார்கள். ஆவணி முகூர்த்தம் தொடங்குகிற நேரத்தில் அவ்வளவு பணத்தை எடுத்துவைக்க மனசு வரவில்லை. கொடுக்கலாமா?

வெயில்காரன்

கொடுக்காதீர்கள். முதலில் இதையெல்லாம் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? விமானம் எவ்வளவு தூரத்தில் இருந்தது? ஷட்டர் வேகம், அதாவது நொடியில் எத்தனையில் ஒரு பங்கு, எவ்வளவு? லென்ஸ் முன்னால் ஃபில்டர் ஏதாவது மாட்டியிருந்தீர்களா? அப்புறம், ஷார்ப்பாக வந்த அந்த முப்பது நாற்பது படங்கள் எவை?

மூலக்கடை முக்காலி

ஷட்டர்தான் பிரச்சினையாக இருக்கும் ப்ரோ. ஜெட் விமானத்துக்கு 1/2000க்குக் கீழே போகக் கூடாது.

தண்டையார்பேட்டை ஸ்டுடியோ

@முக்காலி, ஷட்டர் 1/2500 ப்ரோ. எஃப்/5.6, ஐஎஸ்ஓ 400. அதில் குறை இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

@வெயில்காரன் அண்ணா, பதினொன்றரையிலிருந்து இரண்டு வரை எடுத்தேன். எங்களை நிறுத்திய இடத்திலிருந்து ஓடுபாதை அரை கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். 95 மிமீ யு.வி. ஃபில்டர் மாட்டியிருந்தேன். அந்த அளவுக்கு நல்ல கம்பெனி ஃபில்டர் விலை அதிகம் என்பதால் 600 ரூபாய்க்கு ஒன்று வாங்கிப் போட்டது. நல்லா வந்த படங்கள் எல்லாம்... இப்போதுதான் கவனிக்கிறேன், எல்லாமே விமானம் மேலே ஏறின பிறகு, தலைக்கு மேலே திரும்பும்போது எடுத்தவை.

வெயில்காரன்

தம்பி, பாதி விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கண்ணாடி நகர்ந்திருந்தால் தரையில் நின்ற விமானமும் கெட்டிருக்கும், வானத்தில் பறந்ததும் கெட்டிருக்கும். லென்ஸுக்குத் தரை எது வானம் எது என்று தெரியாது.

உங்கள் படத்தைக் கெடுத்தது கானல். உச்சி வெயிலில் கான்கிரீட் ஓடுபாதை கொதிக்கிறது. அதன் மேலே உள்ள காற்று சூடாகிக் கிளம்ப, குளிர்ந்த காற்று கீழே இறங்குகிறது. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வளைக்கிற அளவு வேறு வேறு. அரை கிலோமீட்டருக்கு அந்தக் கலங்கலுக்குள் தரையோடு தரையாகப் பயணம் செய்து வருகிற ஒளி உங்கள் லென்ஸுக்கு வரும்போது நொறுங்கித்தான் வரும். நாமோ 500 மிமீயில் பார்க்கிறோம், டி500இன் சின்ன சென்சாரில் அது 750க்குச் சமம். விமானத்தைப் பெரிதாக்கினால் கானலும் சேர்ந்து பெரிதாகும். ஷட்டரை 1/8000 வைத்தாலும் நெளிந்த கோடு நெளிந்தபடியே உறையும், அவ்வளவுதான். தலைக்கு மேலே திரும்பிய விமானத்துக்கும் உங்களுக்கும் நடுவே அந்தச் சூட்டுக் காற்று கொஞ்சம்தான். அதனால் அது பிழைத்தது.

விமானம் பின்பக்கம் காட்டிப் போகும்போது எடுத்தவை இன்னும் மோசமாக இருக்குமே? எஞ்சின் கக்குகிற சூடும் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் அந்த 600 ரூபாய் ஃபில்டர் மேலேயும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க மொட்டை மாடியே போதும். காலை ஆறரைக்கு முக்காலியில் கேமராவைப் பூட்டுங்கள், வி.ஆர். (கை நடுக்கத்தைச் சரிசெய்கிற வசதி) அணைத்துவிடுங்கள். அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு செல்போன் டவரைப் பிடியுங்கள். ஃபில்டரோடு பத்து, கழற்றிவிட்டுப் பத்து. மதியம் ஒரு மணிக்கு அதே இடத்தில் அதே டவரை ஃபில்டர் இல்லாமல் மறுபடி எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் டவரின் கம்பி வேறு வேறு மாதிரி நெளிந்தால் காற்று. எல்லாப் படத்திலும் ஒரே மூலை ஒரே மாதிரி மங்கினால் லென்ஸ்.

காசிமேடு பருந்து

நல்ல வைத்தியம். டவர் கிடைக்கவில்லை என்பதற்காகத் துறைமுகப் பக்கம் கிரேனை மட்டும் குறிவைக்காதீர்கள் ஸ்டுடியோ. 500 மிமீயைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுவர் ஓரம் நின்றால் பாதுகாப்புக்காரர்களிடம் பதில் சொல்லியே பொழுது போய்விடும். எனக்கு ஆகியிருக்கிறது.

எண்ணூர் ரோடு

ஓடுகிற வண்டியில் ஏறுகிறேன், மன்னிக்கவும். தரங் சக்தி அடுத்த கட்டம் மாசக் கடைசியில் ஜோத்பூரில் என்கிறார்கள். அவ்வளவு தூரம் போக முடியாது. ஆனால் அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலோ தாம்பரம் விமானப்படைத் தளத்திலோ வெளிச்சுவர் ஓரமாக நின்று எடுக்கலாமா? வெளிநாட்டில் வேலிக்கு வெளியே ஏணி போட்டு எடுக்கிறார்களே.

காசிமேடு பருந்து

வேண்டாம் தம்பி. அங்கே அது பழக்கம், சில இடங்களில் அதற்கென்று மேடே உண்டு. இங்கே படைத்தளம் என்பது 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட இடம். சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள். 'பொழுதுபோக்குக்குத்தான் எடுத்தேன் சார்' என்பதை ஸ்டேஷனில் உட்கார்ந்து நிரூபிக்க வேண்டியிருக்கும். டிரோன் என்ற சொல்லை நினைக்கவே நினைக்காதீர்கள். அனுமதியோடு உள்ளே போனாலும், கூட வருகிற அதிகாரி எந்தப் பக்கம் எடுக்கலாம் என்கிறாரோ அந்தப் பக்கம் மட்டும்தான்.

தண்டையார்பேட்டை ஸ்டுடியோ (ஆகஸ்ட் 19)

நேற்று ஞாயிற்றுக்கிழமை மாடியிலேயே கிடந்தேன். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று வீட்டில் கேட்டார்கள்.

காலை, ஃபில்டர் இல்லாமல்: டவரில் நட்டு போல்ட்டுகூடத் தெரிகிறது. காலை, ஃபில்டரோடு: ஒவ்வொரு கம்பிக்கும் பக்கத்தில் ஒரு நிழல் கம்பி, மொத்தமும் பால் கலந்த மாதிரி. மதியம், ஃபில்டர் இல்லாமல்: பத்துப் படத்தில் பத்து விதமாக டவர் ஆடுகிறது! நடுவில் முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தகரக் கூரைதான். கண்ணாலேயே கானல் தெரிகிறது. இத்தனை வருஷம் இதே மாடியில் வடாம் காய்வதைப் பார்த்திருக்கிறேன், இதைப் பார்த்ததில்லை.

ஆக இரண்டு பேரும் குற்றவாளி. லென்ஸ் நிரபராதி. 14,000 மிச்சம். அண்ணா, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இன்னொரு சந்தேகம். விமானப்படையின் சாகசக் குழுவான சாரங் ஹெலிகாப்டர்களையும் எடுத்தேன். படம் ஷார்ப்தான், ஆனால் இறக்கை அப்படியே நின்றுபோய், கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை மாதிரி இருக்கிறது. ஒரு ரஃபேல் படமும் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

மூலக்கடை முக்காலி

அது ரஃபேல் இல்லை ப்ரோ, யூரோஃபைட்டர். மூக்குப் பக்கம் சின்ன இறக்கை இரண்டிலும் உண்டு, அதை வைத்துக் குழம்பாதீர்கள். காற்று உள்ளே போகிற வாயைப் பாருங்கள். வயிற்றுக்கு அடியில் பெட்டி மாதிரி இருந்தால் யூரோஃபைட்டர், இரண்டு கன்னத்திலும் இருந்தால் ரஃபேல். சின்ன இறக்கையே இல்லாமல் குட்டியாக இருந்தால் நம்ம தேஜஸ். பத்திரிகைக்குக் கொடுக்கும் முன்னால் குறிப்பை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் விமானப் பைத்தியங்கள் கடிதம் போட்டே கொன்றுவிடுவார்கள்.

(ஷட்டர் என்று முதலில் அளந்துவிட்டதற்கு இது பிராயச்சித்தம்.)

வெயில்காரன்

ஹெலிகாப்டருக்குக் கணக்கு தலைகீழ். சாரங் குழு ஓட்டுவது துருவ் என்கிற ஹெலிகாப்டர். அதன் பெரிய விசிறி நிமிடத்துக்குச் சுமார் 300 சுற்று, அதாவது நொடிக்கு ஐந்து. 1/2500 நேரத்தில் இறக்கை ஒரு டிகிரிகூட நகராது, அதனால்தான் பொம்மை. 1/125 வைத்தால் பதினான்கு டிகிரி நகரும், சுழல்வது தெரியும். ஆனால் அந்த வேகத்தில் உங்கள் கையும் நடுங்கும். வி.ஆரை ஸ்போர்ட் நிலையில் வைத்து, ஹெலிகாப்டரோடு சேர்ந்து இடுப்பைத் திருப்பிக்கொண்டே அமுக்க வேண்டும். முதல் நாள் இருபதில் ஒன்றுதான் தேறும். 1/320இல் தொடங்கி மெல்ல இறங்குங்கள்.

ஏ400எம், சி-130 மாதிரிச் சரக்கு விமானங்களுக்கும் இதே கதைதான். அவற்றின் விசிறி இன்னும் வேகமாகச் சுற்றுவதால் 1/250 போதும்.

பழகுவதற்குச் சூலூர் தேவையில்லை. காசிமேட்டில் மீன் இறங்குகிற நேரம் வானம் பூராவும் பருந்துதான். மீனைப் பார்த்துவிட்டால் ஜெட்டைவிடச் சட்டென்று திரும்பும். ஃபோகஸைத் தொடர் நிலையில் வைத்து, லென்ஸ் பக்கத்தில் இருக்கும் தூரச் சுவிட்சை ஆறு மீட்டருக்கு மேல் என்று தள்ளிவிடுங்கள். வெறும் வானத்தில் ஃபோகஸ் அலைவது பாதி குறையும். மேகம் வெளுத்த நாளில் ஒளியை முக்கால் ஸ்டாப் ஏற்றிவையுங்கள், இல்லையென்றால் சாம்பல் நிற விமானம் கரிக்கட்டையாகிவிடும்.

காசிமேடு பருந்து

ஐந்தரைக்கு வந்துவிடுங்கள், நான் அங்கேதான் இருப்பேன். செருப்பு போட்டு வராதீர்கள், வழுக்கும். கம்பூட்ஸ் இருந்தால் உத்தமம்.

தண்டையார்பேட்டை ஸ்டுடியோ (அக்டோபர் 8)

ஆறு ஞாயிறு பருந்துகளோடு கழித்துவிட்டு மெரினாவில் நடந்த விமானப்படை சாகசக் காட்சிக்குப் போனேன். பருந்து அண்ணன் சொன்னபடி ஒத்திகை நாளிலேயே முக்கால்வாசி எடுத்து முடித்தேன். நல்லவேளை. 6ஆம் தேதி அந்தக் கூட்டத்தில் கையைத் தூக்கவே இடமில்லை, தண்ணீருக்கும் திண்டாட்டம். வெயிலில் ஐந்து பேர் இறந்துவிட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து செய்தியில் பார்த்த பிறகு படங்களைத் திறக்கவே இரண்டு நாள் ஆனது.

திறந்தபோது, கடலுக்கு மேலே தாழ்வாகத் தூரத்தில் வந்தவை மட்டும் கொஞ்சம் நெளிகின்றன. மேலே போனதெல்லாம் கத்தி மாதிரி. சாரங் 1/160இல் ஒன்பது படம் தேறியது, மயில் வாலும் தெரிகிறது, விசிறியும் சுழல்கிறது. சூரிய கிரண் சாகசக் குழுவின் ஒன்பது விமானமும் ஒரே சட்டத்துக்குள் வந்த படத்தைப் பெரிதாகப் போட்டு ஸ்டுடியோ வாசலில் மாட்டப்போகிறேன்.

ஒரே ஒரு தொல்லை. கடற்காற்றில் நின்றதில் முன் கண்ணாடி முழுக்க உப்பு படிந்திருக்கிறது. ஃபில்டரும் இப்போது இல்லை. துணியால் துடைக்கலாமா?

வெயில்காரன்

காய்ந்த துணியை வைக்காதீர்கள், உப்பு மணல் மாதிரி கீறிவிடும். முதலில் ஊதுபம்பால் ஊதுங்கள். அப்புறம் லென்ஸ் துடைக்கிற திரவத்தில் மென்துணியை நனைத்து, அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். உப்பு கரைந்த பிறகு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒவ்வொரு தடவையும் துணியில் புது இடம்.

அந்தப் படத்தை இங்கேயும் போடுங்கள் தம்பி.