பெண்களுக்கான மல்டிவைட்டமின்: எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? உங்கள் அனுபவம் என்ன?

எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரே மல்டிவைட்டமினாக வாங்கிவிடலாம் என்று மருந்துக் கடைக்குப் போனேன். அங்கே இருந்த பார்மசிஸ்ட் யாருக்கு என்று கேட்டார். சொன்னதும் அவர் கேட்ட அடுத்த கேள்வி, "அம்மாவுக்கு மாதவிடாய் நின்றுவிட்டதா?"

நின்று பல வருஷம் ஆகிறது என்றேன். அவர் இரண்டு டப்பாக்களை எடுத்து, பின்பக்கம் தெரியும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் இரும்புச்சத்து 18 மி.கி. என்று இருந்தது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கான இன்னொன்றில் இரும்பு என்ற வரியே இல்லை. மற்றபடி இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

காரணத்தையும் அவரே பொறுமையாகச் சொன்னார். அமெரிக்கப் பரிந்துரைப்படி 19 முதல் 50 வயது வரை பெண்களுக்கு ஒரு நாளைக்கு 18 மி.கி. இரும்பு வேண்டும். அதற்கு மேல் 8 மி.கி. போதும். (நாட்டுக்கு நாடு இந்த எண் மாறும். ஆனால் மாதவிடாய் நின்றபின் தேவை குறையும் என்பது எங்கும் ஒன்றுதான்.) கூடுதலாகச் சேரும் இரும்பை வெளியேற்ற நம் உடம்பில் தனி வழி கிடையாது. மாதாமாதம் ரத்தம் போவது நின்றபின், தேவையில்லாமல் போடும் இரும்பு உள்ளேயே தங்கும். அதனால் ரத்தப் பரிசோதனையில் குறைவு என்று தெரிந்தால் மட்டுமே அம்மாவுக்கு இரும்பு என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

கால்சியம் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்றும் கேட்டேன். ஒரு நாளைக்கு 1000 மி.கி. தேவைப்படுவதை முழுசாகப் போட்டால் மாத்திரை விழுங்க முடியாத அளவுக்குப் பெரிதாகிவிடுமாம். அது போக, கால்சியமும் இரும்பும் சேர்ந்து போனால் இரும்பு சரியாக உறிஞ்சப்படாது. கால்சியம் வேண்டியவர்கள் அதைத் தனியாக, வேறு வேளையில், ஒரு தடவைக்கு 500 மி.கி.க்கு மேல் போகாமல் எடுப்பது நல்லது என்றார்.

வயதையும் மாதவிடாயையும் கேட்காமல் "பெண்களுக்கு நல்லது" என்று எதையாவது நீட்டுபவரிடம் வாங்காதீர்கள். உங்களில் யாருக்காவது வேறு அனுபவம் இருந்தால் எழுதுங்கள், என்னைப் போல இப்போதுதான் தேர்ந்தெடுப்பவர்களுக்கு உதவும்.

— — —

அக்கா, நல்ல பதிவு. என் அனுபவம் பயோட்டின் என்ற பி வகை வைட்டமினைப் பற்றியது.

வழக்கமான பரிசோதனையில் என் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) மிகக் குறைவாகவும் டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) அதிகமாகவும் வந்தது. தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது என்று அர்த்தம் தரும் ரிப்போர்ட். ஆனால் எனக்குப் படபடப்பு இல்லை, எடை குறையவில்லை, கை நடுக்கம் இல்லை. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை எடுக்கவே இல்லை. "முடிக்கோ நகத்துக்கோ ஏதாவது மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டார்.

நான் போட்டுக்கொண்டிருந்தது கூந்தல், சருமம், நகம் மூன்றுக்கும் என்று விற்கும் மல்டிவைட்டமின். அதில் பயோட்டின் 5000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்குப் போதுமான அளவு வெறும் 30 மைக்ரோகிராம்! பல ரத்தப் பரிசோதனை முறைகள் பயோட்டினைத் தங்கள் வேதி வினையிலேயே பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் கருவி தவறான எண்ணைக் காட்டும். மாத்திரையை நிறுத்திச் சில நாள் கழித்துத் திரும்பச் சோதித்ததில் எல்லாம் சரியான அளவில் வந்தது. அவர் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால், இல்லாத தைராய்டு நோய்க்கு மருந்து தொடங்கியிருப்பேன்.

இதைவிடக் கவலைப்பட வைத்தது இன்னொன்று. மாரடைப்பைக் கண்டுபிடிக்கச் செய்யும் ட்ரோபோனின் பரிசோதனையையும் பயோட்டின் குறைத்துக் காட்டக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. ரத்தம் கொடுக்கும் முன் லேபில் இதைச் சொல்லிவிடுங்கள். எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

அப்புறம், அந்த மாத்திரையைத் தொடங்கியதே முடி கொட்டியதால்தான். அதற்கு என்ன காரணம் என்றால், ஃபெரிட்டின், அதாவது உடம்பில் சேமித்திருக்கும் இரும்பின் அளவு, குறைவு. என் உடம்பில் பயோட்டின் குறையவே இல்லை. முடி கொட்டுகிறது என்றால் முதலில் ஃபெரிட்டினும் தைராய்டும் பாருங்கள், அதற்கப்புறம் மாத்திரையைப் பற்றி யோசிக்கலாம்.

— — —

குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

நாங்கள் முடிவு செய்தவுடனே டாக்டரைப் பார்த்தோம். "கர்ப்பம் உறுதியாகட்டும், அப்புறம் ஃபோலிக் அமிலம் தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள்" என்பதுதான் அவர் சொன்ன முதல் விஷயம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று நாம் கவனிக்கும் நேரத்தில் அந்த 28 நாளில் பாதி போயிருக்கும். அதனால் கருத்தரிக்கக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். முந்தைய குழந்தைக்கு நரம்புக் குழாய்க் குறைபாடு இருந்தவர்கள், வலிப்பு மருந்து எடுப்பவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் ஆகியோருக்கு அளவு வேறு. அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

என் டப்பாவில் ஃபோலேட் 680 மைக்ரோகிராம் டி.எஃப்.இ. (உணவில் இருக்கும் ஃபோலேட்டுக்குச் சமமாகக் கணக்கிட்ட அளவு) என்றும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஃபோலிக் அமிலம் 400 என்றும் இருந்தது. குழம்பிப்போய்க் கேட்டேன். நமக்கு வேண்டியது அந்த அடைப்புக்குறி எண்தான்.

அவர் விரல் வைத்துக் காட்டிய இன்னொரு வரி வைட்டமின் ஏ. அது ரெட்டினைல் பால்மிடேட் அல்லது அசிடேட் வடிவில் இருந்தால் ஒரு நாளைக்கு 3000 மைக்ரோகிராமைத் தாண்டவே கூடாது. கருவைப் பாதிக்கும். பீட்டா கரோட்டினாக இருந்தால் அந்த ஆபத்து இல்லை. மல்டிவைட்டமினோடு வேறு ஏதாவது மாத்திரையும் போடுபவர்கள் இரண்டிலும் இருக்கும் ஏ-யைக் கூட்டிப் பாருங்கள்.

— — —

நான் கொஞ்சம்தான் சொல்ல வேண்டும். தொடங்கிய புதிதில் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போனால் பயப்படாதீர்கள், அது வைட்டமின் பி2. இரும்பு உள்ளதைப் போட்டால் மலம் கறுக்கும். வெறும் வயிற்றில் எனக்குக் குமட்டியது, சாப்பாட்டுக்குப் பின் போட ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது. மென்று சாப்பிடும் கம்மி வகையில் பெரும்பாலும் இரும்பு இருக்காது. இரும்புக்காக வாங்குபவர்கள் கவனியுங்கள்.

— — —

நான் நர்ஸ். மருத்துவமனையில் அனுமதிக்கும்போது என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று எல்லோரிடமும் கேட்போம். பிரஷர், சுகர் எல்லாம் சொல்வார்கள், வைட்டமினை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். "அதுவும் மாத்திரையா?" என்று திருப்பிக் கேட்டவர்கள் உண்டு.

அதுவும் மாத்திரைதான். தைராய்டுக்கு லெவோதைராக்சின் எடுப்பவர்கள், இரும்போ கால்சியமோ உள்ள எதையும் அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளியே போட வேண்டும், இல்லையென்றால் தைராய்டு மருந்து உடம்பில் ஏறாது. ஒரு அம்மாவுக்கு அளவைக் கூட்டிக்கொண்டே போயும் டி.எஸ்.எச். இறங்கவில்லை. கடைசியில் பார்த்தால் இரண்டையும் காலையில் ஒன்றாகவே போட்டுக்கொண்டிருந்தார். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் வைட்டமின் கே உள்ளதை டாக்டரிடம் சொல்லாமல் தொடங்கவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருஷம் எடுத்தவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ரத்தசோகை என்று சொல்லிவிட்டார்களா? மல்டிவைட்டமினில் இருக்கும் இரும்பு அதற்குப் போதாது. சிகிச்சை அளவு வேறு, அதைத் தனியாக எழுதித் தருவார்கள். அதே போல, இதய நோயும் புற்றுநோயும் வராமல் இருக்க என்று நினைத்து வாங்காதீர்கள். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2022-ல் அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது. ஏதாவது குறைவு இருக்கிறது, கர்ப்பத் திட்டம் இருக்கிறது, அசைவம், பால், முட்டை எதுவும் சேர்ப்பதில்லை என்பது போல ஒரு காரணம் இருந்தால் எடுங்கள்.

முதலில் எழுதிய தங்கச்சிக்கு: அம்மா வேறு என்னென்ன மாத்திரை எடுக்கிறார் என்று நீங்கள் சொல்லவில்லை. டப்பாவின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்து, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது காட்டுங்கள். "ஒரு வேளைக்கு 2 மாத்திரை" என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், அட்டவணையில் இருக்கும் எண்கள் அந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் உங்கள் டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். இரும்பு மாத்திரையை மிட்டாய் என்று நினைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அப்படி நடந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.