மறுமொழி: ‘ஸித் கோட்’ – நெறியா, வஞ்சினமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிக் கதைத் தொடரின் சொற்களுக்குத் தமிழ் தேடி நாம் போடும் பட்டியலில், அக்கதையின் இருள் பக்கத்தாரான ஸித்துகள் ஓதும் கொள்கை வாசகமாகிய ‘ஸித் கோட்’ என்பதற்கு இதுவரை தீநெறி, இருள்வேதம், கோட்பாடு, வஞ்சினம் ஆகியவை வந்திருக்கின்றன. முதல் இரண்டையும் எடுத்துவிடலாம். எந்த ஸித்தும் தன் கொள்கையைத் தீயது என்று சொல்லிக்கொண்டு ஓதுவதில்லை. நம்புகிறவன் தன் வாயால் சொல்லக்கூடிய சொல்தான் நமக்கு வேண்டும். அவன் நல்லவனா கெட்டவனா என்பதைப் படிக்கிறவர் முடிவு செய்துகொள்வார். கோட்பாடு என்றால் வகுப்பறை நினைவு வருகிறது.

> வஞ்சினம் என்பதிலேயே சினம் இருக்கிறதே. இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்?

ஏற்காட்டு ஐயா சொன்ன இந்தச் சொல் எனக்கும் மிகவும் பிடித்தது. அதற்காகவே புறநானூற்று 72ஆம் பாட்டை எடுத்துப் படித்தேன். பகைவரை வெல்லாவிட்டால் என் குடிகள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், புலவர்கள் என் நாட்டைப் பாடாது ஒழியட்டும் என்கிறான் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன். ஆக, வஞ்சினம் ஒரு போரின் முன் சொல்வது. ‘செய்யாவிட்டால்’ என்ற நிபந்தனை அதில் உண்டு, ஊர்ப்பழிக்கு அஞ்சும் மனமும் உண்டு. ஸித்திடம் இதில் எதுவும் கிடையாது.

2003இல் வந்த ஸ்டார் வார்ஸ் கணினி விளையாட்டில் உள்ள ஸித் கோட் வாசகத்தைப் பாருங்கள். “அமைதி என்பது பொய், உள்ளது வேட்கை மட்டுமே” என்று தொடங்குகிறது. அப்புறம் வேட்கையால் வலிமை, வலிமையால் அதிகாரம், அதிகாரத்தால் வெற்றி, வெற்றியால் விலங்கு உடைதல் என்று ஓரடியின் முடிவைப் பிடித்துக்கொண்டே அடுத்த அடி கிளம்புகிறது. இது நம் அந்தாதியேதான்! மொழிபெயர்ப்பவர்கள் இந்தத் தொடையை மட்டும் கைவிட வேண்டாம். முதல் அடி, “உணர்ச்சி இல்லை, அமைதி உண்டு” என்கிற, ஸித்துகளின் எதிரணியான ஜெடாய்களின் வாசகத்துக்கு நேர் எதிர். இரண்டும் சோடி என்பதால் இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டும்: ஜெடாய் நெறி, ஸித் நெறி. நன்னெறி, தீநெறி இரண்டையும் தமிழ் சொல்லிப் பழகியிருப்பதால் நெறி தனியே நிற்கும்போது எந்தப் பக்கமும் சாயாது.

முதல் அடியில் வரும் ‘பேஷன்’ (passion) என்பதற்கு வெறி வேண்டாம். சினம், அச்சம், காதல் எல்லாவற்றையும் ஸித் எரிபொருளாக்குகிறான். வேட்கையே சரி.

‘ரூல் ஆஃப் டூ’வுக்கு இருவர் விதி. இருமை என்றால் இம்மை மறுமை என்று பொருள் ஓடிவிடும். ஸித்துகள் பெருங்கூட்டமாக இருந்தபோது தங்களுக்குள் அடித்துக்கொண்டு அழிந்தார்கள். அதனால்தான் ஒரு தலைவன், ஒரு சீடன், அவ்வளவுதான் என்று டார்த் பேன் என்ற ஸித் தலைவன் விதித்தான். தலைவனிடம் அதிகாரம் இருக்கும், சீடன் அதற்கு ஏங்குவான், வலுத்ததும் தலைவனைக் கொன்று அந்த இடத்துக்கு வருவான்.

> கொலை செய்கிறவனுக்குச் சீடன் என்று பெயரா? தொழிற்பழகுநர் என்று போடுங்கள்.

அக்கா, இங்கே உங்களோடு உடன்பட முடியவில்லை. நம் சேலத்துக் கஞ்சமலையில் சொல்லும் சித்தர் கதை உங்களுக்குத் தெரியும். மூலிகைக் குச்சியால் கிளறிய சோறு கறுத்துப்போக, குருவுக்குப் பயந்து அதைத் தின்ற சீடன் இளமை பெறுகிறான், பிறகு குருவுக்கும் அந்த இளமை கிடைக்கிறது. 2005 ஸ்டார் வார்ஸ் படத்தில் பால்பட்டீன் என்ற ஸித் தலைவன் சொல்லும் கதையிலும் சாவைத் தடுக்கும் வித்தை தெரிந்த ஒரு குரு இருக்கிறான். அவன் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்த சீடனே தூக்கத்தில் அவனைக் கொன்றுவிடுகிறான். சீடன் என்ற சொல் அப்படியே நின்றால்தான் சேலத்துக்காரருக்கு இந்த இரண்டாவது கதை வலிக்கும். பழகுநர் என்றால் ஐடிஐ முடித்தவர் ஆலையில் சேர்ந்த மாதிரி ஆகிவிடும். தவிர, ஸித்தின் கண்ணில் அந்தக் கொலைதான் மரபைத் தொடரும் வழி. சீடனின் கடமையே அது.

எழுத்துக்கூட்டலில் ‘சித்’ கூடவே கூடாது. ‘சித்துகளின் நெறி’ என்று அச்சிட்டால் இங்கே எல்லாரும் அமாவாசைக்குக் கூட்டம் போகிற கஞ்சமலைச் சித்தர்கோயிலைத்தான் நினைப்பார்கள். கிரந்தம் தவிர்ப்பவர்களின் அக்கறை புரிகிறது, ஆனால் இது பெயர்ச்சொல். ஸித் என்றே இருக்கட்டும்.

ஜெடாய்களும் ஸித்துகளும் கையாளும் அந்த மாய சக்தி, ‘ஃபோர்ஸ்’, பாக்கி நிற்கிறது. விசையை இயற்பியல் எடுத்துக்கொண்டது, ஆற்றல் எனர்ஜிக்குப் போய்விட்டது. பேராற்றல் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைத் தனி இழையில் தொடர்வோம்.