புதுக் காருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி: போட்டவர்கள், விட்டவர்கள் அனுபவம்

மஞ்சக்குப்பம், கடலூர்

அடுத்த வாரம் கார் எடுக்கப் போகிற தம்பி ஒருவர் கேட்டார்: "ஷோரூமில் எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குப் பதினாலாயிரம் சொல்றாங்க, போடலாமாண்ணா?" இரண்டு கார் வைத்துப் பார்த்தவன் என்பதால் எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

முதல் கார் 2016-இல் எடுத்தது. கம்பெனி வாரண்டி 2 ஆண்டு. இன்னும் 2 ஆண்டு நீட்டிக்க ஒன்பதாயிரம் கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். நான்காம் வருடம் சித்திரை வெயிலில் ஏசியில் காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை. கேஸ் நிரப்பினார்கள். மூன்று வாரம் ஓடியது, மறுபடி அதே கதை. கடைசியில் கூலிங் காயிலில் கசிவு என்று கண்டுபிடித்தார்கள். அது டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கிறது. மொத்தத்தையும் கழற்றிப் பூட்ட வேண்டும். காயில், கேஸ், லேபர் எல்லாம் சேர்த்து 19,400 ரூபாய். நான் வேண்டாம் என்ற அந்தத் திட்டத்தில் கூலிங் காயில் சேர்ந்திருந்தது. தேவனாம்பட்டினம் கடற்கரை எங்களுக்குப் பக்கம்தான். உப்புக்காற்றுக்குப் பயந்து இரும்பு கேட்டுக்கு வருடா வருடம் பெயிண்ட் அடிக்கிறோம், காருக்குள் இருக்கும் உலோகத்தை நினைத்துப் பார்ப்பதில்லை.

இரண்டாவது கார் 2021-இல். இந்த முறை 3 ஆண்டோடு 2 ஆண்டு சேர்த்துப் போட்டேன். நான்காம் வருடம் வில்லியனூர் போய்த் திரும்பும்போது ஸ்டியரிங் கல் மாதிரி இறுகிவிட்டது. பவர் ஸ்டியரிங் மோட்டார் போய்விட்டது. கம்பெனித் திட்டம் என்பதால் கடலூரில் வாங்கிய காரைப் புதுச்சேரி சர்வீஸ் சென்டரிலேயே விட முடிந்தது. பாகம் வர ஒன்பது நாள் ஆனது. பில் 38,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. நான் கட்டியது வீல் அலைன்மென்ட் காசு மட்டும்.

ஆனால் வாங்கும் அன்று ஒரு விஷயத்தைக் கவனித்தேன், அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மேசையில் இரண்டு தாள் இருந்தன. ஒன்று கார் கம்பெனியின் திட்டம். இன்னொன்று ஷோரூம்காரர்கள் வேறொரு நிறுவனத்தோடு சேர்ந்து விற்பது, மூவாயிரம் ரூபாய் குறைவு. பேர் இரண்டுக்கும் ஒன்றுதான். "நாளைக்குக் கிளைம் என்றால் பணம் யார் கொடுப்பது?" என்று கேட்ட பிறகுதான் வித்தியாசம் சொன்னார்கள். அந்த மலிவுத் திட்டத்தில் ஒவ்வொரு கிளைமுக்கும் முன் அனுமதி வாங்க வேண்டும், வருடத்துக்கு இவ்வளவுதான் என்று வரம்பும் உண்டு. தம்பி, கையெழுத்துப் போடுவதற்கு முன் "எவை சேராது" என்ற பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர், டயர் போலத் தேய்கிற எதுவும் பொதுவாகச் சேராது. இதைப் போட்டால்தான் டெலிவரி என்று யாராவது சொன்னால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ரெயின்போ நகர், புதுச்சேரி

அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30, ஃபெங்கல் புயல் கரை கடந்த இரவு. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. விடிந்து பார்த்தால் எங்கள் தெருவில் காரின் கதவு பாதி வரை தண்ணீர். தண்ணீர் இன்னும் ஏறுவதற்குள் மேட்டுக்கு எடுத்துவிடலாம் என்று என் கணவர் ஸ்டார்ட் செய்துவிட்டார். ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. இன்ஜினுக்குள் தண்ணீர் போய், உள்ளே பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது.

எக்ஸ்டெண்டட் வாரண்டிதான் இருக்கிறதே என்று தைரியமாகத்தான் இருந்தேன். வெள்ளம் வாரண்டியில் வராது என்றார்கள். இன்சூரன்ஸில் கேட்டால், இன்ஜின் புரொடெக்ட் (இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் வரும் சேதத்துக்கான கூடுதல் கவர்) சேர்க்காத பாலிசி, தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்குப் பணம் கிடையாது என்றார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் கையை விட்டுப் போனது. வாரண்டிக்குக் கட்டிய பணத்தில் ஒரு சிறு பங்குதான் அந்த இன்ஜின் புரொடெக்ட். அன்று யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. தண்ணீரில் நின்ற காரைத் தயவுசெய்து ஸ்டார்ட் செய்யாதீர்கள், இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பம்

எனக்கு வந்தது வேறு மாதிரி. வாரண்டி போட்டிருந்தேன், ஒரே ஒரு சர்வீஸை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் செய்தேன், ஆயில் மாற்றுவதுதானே என்று. பிறகு டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம்) போனபோது சர்வீஸ் ஹிஸ்டரியில் அந்த இடைவெளியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். மூன்று தடவை எழுதிக் கேட்டும் நடக்கவில்லை. எலி கடித்த வயரிங்கும் வாரண்டியில் வராது. கரும்புக்காட்டுப் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்கள் நினைவில் வையுங்கள்.

மஞ்சக்குப்பம், கடலூர்

தம்பி, இன்னொன்று. 2024 ஜூலையிலிருந்து மாருதியிலும் அடிப்படை வாரண்டியே 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. முன்பு 2 ஆண்டு, 40,000 கி.மீ.தான். நீங்கள் தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரி போய் வந்தாலும் வருடத்துக்கு 15,000 கி.மீ.க்குப் பக்கம்தான் ஓடும். கிலோமீட்டர் முடிவதற்குள் வருடம் முடிந்துவிடும். அதனால் நீங்கள் வாங்குவது நான்காவது, ஐந்தாவது வருடத்தைத்தான். எடுப்பது ஆட்டோமேட்டிக் அல்லது டர்போ, ஏழெட்டு வருடம் வைத்திருப்பேன் என்றால் கம்பெனித் திட்டத்தைப் போடுங்கள். சாதாரண மேனுவல் பெட்ரோல், மூன்று வருடத்தில் மாற்றிவிடுவேன் என்றால் அது வேண்டாம், இன்சூரன்ஸில் இன்ஜின் புரொடெக்ட் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த மாடல் என்று சொல்லுங்கள், என்னிடம் இருக்கும் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.