புதுப்பிப்பு: பிரியஸின் கிரில்லை அடைத்த பிறகு

கனடாவின் ஒட்டாவா குளிரில் என் 2010 டொயோட்டா பிரியஸ் ஹைப்ரிட் கார் (பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்தது) குடிக்கும் பெட்ரோலைக் குறைக்க, காற்று உள்ளே புகும் முன்புறக் கிரில்லை அடைக்கப் போகிறேன் என்று பனிக்காலத் தொடக்கத்தில் எழுதியிருந்தேன். என்ன ஆயிற்று என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

அடைத்தாயிற்று, பலனும் தெரிகிறது. தண்ணீர்க் குழாய்களுக்குப் போர்த்தும் கறுப்பு நுரைக்குழாயை வாங்கி, கிரில் பட்டைகளின் நீளத்துக்கு வெட்டினேன். நீளவாக்கில் ஏற்கெனவே கீறியிருப்பதால் பட்டையை அப்படியே கவ்விக்கொள்கிறது. பசையும் வேண்டாம், திருகாணியும் வேண்டாம்.

ஹைப்ரிட் காரின் சங்கடம் தெரிந்ததுதான். கூலன்ட் (இன்ஜினைச் சுற்றி ஓடும் குளிர்விப்புத் திரவம்) போதிய அளவு சூடேறாதவரை, சிக்னலில் நின்றாலும் இன்ஜின் அணையாது. கூலன்டின் சூட்டை எடுத்துக்கொள்ளும் ஹீட்டரையும் போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். புகைக்குழாயில் வீணாகும் வெப்பத்தைக் கூலன்டுக்குத் திருப்பும் அமைப்பு இந்த மாடலில் இருக்கிறது. முந்தைய தலைமுறையில் சூடான கூலன்டைச் சேமித்து வைக்க ஒரு பிளாஸ்கே இருந்தது! இருந்தும், மைனஸ் 20 டிகிரிக் காற்று ரேடியேட்டர் வழியாகப் புகுந்து இன்ஜின் மேல் வீசினால் சேர்த்த சூடு நிற்குமா?

இப்போது காரின் கணினியிலிருந்து அளவுகளைப் படிக்கும் ஓபிடி கருவியில் பார்த்தால், நெடுஞ்சாலையிலும் கூலன்ட் 80 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். சிக்னலிலும் இன்ஜின் சீக்கிரம் ஓய்கிறது. கூடிய மைலேஜில் நுரைக்குழாயின் பங்கு எவ்வளவு, டயர்களில் காற்றைச் சரியாக நிரப்பியதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மாட்டேன்.

கீழ்க் கிரில்லையும் முழுதாக அடைக்கலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்குத் தனிக் குளிர்விப்புச் சுற்று உண்டு, அதற்குக் காற்று தேவை. நான் ஓர் இடைவெளியைத் திறந்தே விட்டிருக்கிறேன். வசந்தம் வந்து வெப்பநிலை 10 டிகிரியைத் தாண்டியதும் எல்லாவற்றையும் உருவிவிடுவேன்.