போலந்தில் கடை விரிக்கலாமா? நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

திருப்பூரில் குழந்தைகளுக்கான பின்னலாடை தைத்து ஏற்றுமதி செய்கிறோம். ஐரோப்பா என்றாலே எங்கள் ஊரில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் என்றுதான் பேச்சு ஓடும். சொந்தப் பெயரில் விற்க ஒரு நாட்டைத் தேடியபோது நாங்கள் போலந்தை எடுத்துக்கொண்டோம். மக்கள்தொகை 3.7 கோடிக்கு மேல், 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. இதெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே கிடைத்துவிடும் தகவல். கண்ணைத் திறந்தது வூச் நகரம்தான்.

வூச் பழைய பஞ்சாலை ஊர். அங்கே பொஸ்னான்ஸ்கி என்ற ஆலை முதலாளியின் பருத்தி ஆலை 2006 முதல் மனுஃபக்தூரா என்ற வணிக வளாகமாக இயங்குகிறது. பக்கத்தில் ஜ்குஃப் என்ற ஊரில் பெரிய ஆடை மொத்தச் சந்தையும் உண்டு. இரண்டு இடங்களிலும் குழந்தைகள் ஆடையின் லேபிள்களைப் புரட்டிக்கொண்டே போனேன். மலிவு விலைச் சரக்கில் பங்களாதேஷ் பெயர் அடிக்கடி கண்ணில் பட்டது. அவர்கள் ஆடைக்கு ஒன்றியத்தில் சுங்க வரி கிடையாது. நாங்கள் கணக்குப் போட்ட நேரத்தில் நம் சரக்குக்கு உண்டு. அடிமட்ட விலையில் அவர்களோடு மோதுவது வீண். ஆர்கானிக் பருத்தி, சின்னச் சின்ன ஆர்டர் என்றால் நமக்கு இடம் இருக்கிறது.

அலெக்ரோ என்ற இணையச் சந்தைதான் அங்கே பெரியது. குடியிருப்புகளை ஒட்டி இன்போஸ்ட் என்ற நிறுவனத்தின் பார்சல் பெட்டகங்கள் நிற்கின்றன. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் கைப்பேசியைத் தட்டினார். சின்னக் கதவு ஒன்று படக்கென்று திறந்தது. பொட்டலத்தை எடுத்துக்கொண்டார். அடுத்து இன்னொரு கதவு திறக்க, பையிலிருந்த வேறொரு பொட்டலத்தை உள்ளே வைத்து மூடினார். அது திருப்பி அனுப்பும் சரக்கு! இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம் என்பது ஒன்றியத்தின் சட்டம். திரும்பும் சட்டையைத் திருப்பூர் வரை கொண்டுவந்தால் கட்டுப்படியாகுமா? அங்கேயே பிரித்துப் பார்த்து, மடித்து, மறுபடி விற்க ஆளும் கிடங்கும் வேண்டும். ஒரு நாட்டை எடைபோடும்போது இந்தச் செலவைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

ஈரோட்டிலிருந்து ஓர் உறுப்பினர்:
அண்ணா, நாங்கள் படுக்கை விரிப்பு அனுப்புகிறோம். போலந்தில் யூரோ இல்லை, ஸ்வோத்திதான். கடைக்காரர் ஸ்வோத்தியில் விற்கிறார், நம்மிடம் யூரோவில் வாங்குகிறார். ஸ்வோத்தி இறங்கினால் அடுத்த ஆர்டரில் விலையைக் குறைக்கச் சொல்லி நிற்பார். கடையில் ஒட்டியிருக்கும் விலையில் 23 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் அடக்கம். அதைக் கழித்துவிட்டு லாபம் பாருங்கள். 2018-இல் வந்த சட்டத்தால் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கடைகள் திறப்பதில்லை.

திருப்பூர் உறுப்பினர்:
நன்றி தம்பி. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் 13 முதல், சரக்கின் பாதுகாப்புக்குப் பதில் சொல்ல ஒன்றியத்துக்குள் இருக்கும் பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் முகவரியும் சரக்கோடு இருந்தாக வேண்டும். அதனால் வூச் பக்கம் கிடங்கு வைத்திருக்கும் இறக்குமதியாளர் ஒருவரோடு பேசி வருகிறோம். திரும்பும் சரக்குக்கு உருப்படி ஒன்றுக்கு என்ன கூலி என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். உங்களுக்கு அங்கே என்ன விலை சொன்னார்கள்?