சொந்தமாகக் கட்டிய 6.12 கர்னல்: ரூட் மவுண்ட் ஆகாமல் பேனிக்

கற்றுக்குட்டி:
வணக்கம். கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) கம்பைல் செய்து பழகலாம் என்று லினக்ஸ் 6.12 சோர்ஸை இறக்கி, மெனுகான்ஃபிக்கில் (கர்னல் அமைப்பு மெனு) வேண்டாததையெல்லாம் கழற்றிவிட்டு பில்ட் செய்தேன். பிழை எதுவும் இல்லை, மாட்யூல்களும் (தேவைப்படும்போது லோட் ஆகும் தனிக் கோப்புகள்) இன்ஸ்டால் ஆகிவிட்டன. கிரப்பில் (பூட் மெனு) பழைய என்ட்ரியைப் பார்த்து ஒன்று கைப்பட எழுதினேன். இனிட்ராம்எஃப்எஸ் (டிஸ்க் மவுண்ட் ஆகும் முன் மெமரியில் ஓடும் தற்காலிக ஃபைல்சிஸ்டம்) இல்லாமலே பூட் ஆகவேண்டும் என்று ஆசை, அதனால் அந்த வரி மட்டும் கிடையாது. 'அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்னோன்-பிளாக்(0,0)' என்று பேனிக் ஆகி, மேலே போகமுடியாமல் நின்றுவிடுகிறது. டிஸ்க் என்விஎம்இ எஸ்எஸ்டி, ஃபைல்சிஸ்டம் எக்ஸ்ட்4.

மாட்யூல்வாசி:
அந்த எண்ணைக் கவனியுங்கள். (0,0) என்றால் ரூட் (சிஸ்டம் கோப்புகள் இருக்கும் பார்ட்டிஷன்) எந்த டிவைஸ் என்றே கர்னலுக்குப் பிடிபடவில்லை. (259,2) மாதிரி வந்திருந்தால் டிஸ்க் தெரிகிறது, ஃபைல்சிஸ்டம் பக்கம் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருப்பேன். கான்ஃபிக்கில் என்விஎம்இ டிரைவர் ஒய்-யா (கர்னலுக்குள்ளேயே), எம்-மா (தனி மாட்யூலாக)?

கற்றுக்குட்டி:
எம். எக்ஸ்ட்4-ம் எம்தான்.

மாட்யூல்வாசி:
பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. டிஸ்கைப் படிக்கும் டிரைவர் அந்த டிஸ்கிலேயே கிடக்கிறது. இனிட்ராம்எஃப்எஸ் வேண்டாமென்றால் இரண்டையும் ஒய் ஆக்குங்கள்.

கற்றுக்குட்டி:
எதற்கு வம்பு என்று மாட்2யெஸ்கான்ஃபிக் கொடுத்து எல்லா எம்-ஐயும் ஒய் ஆக்கிவிட்டேன். மறுபடி அதே (0,0). ஆனால் இப்போது பேனிக்குக்கு மேலே பார்ட்டிஷன் பட்டியல் வருகிறது, அதில் என்விஎம்இ0என்1பி2 இருக்கிறது.

பூட்வரி:
பட்டியலில் இருந்தால் டிரைவர் வேலை செய்கிறது. கிரப் வரியில் ரூட்=யுயுஐடி என்றுதானே இருக்கிறது? ஃபைல்சிஸ்டத்தின் யுயுஐடியை (அடையாள எண்) வைத்து டிஸ்கைத் தேடிப் பிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸின் வேலை, கர்னலுக்கு அது தெரியாது. பார்ட்யுயுஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) என்றால் தெரியும். பட்டியலில் பார்ட்டிஷன் பெயருக்குப் பக்கத்தில் நீளமாக இருப்பது அதுதான். பிஎல்கேஐடி கட்டளையும் காட்டும். டிவைஸ் பெயரையே கொடுத்தாலும் ஓடும், இன்னொரு என்விஎம்இ செருகினால் எண் மாறக்கூடும். டிஸ்க் தென்படும்வரை காத்திருக்கச் சொல்லும் ரூட்வெயிட்டையும் சேர்த்துவிடுங்கள்.

கற்றுக்குட்டி:
பூட் ஆகிவிட்டது, நன்றி! வைஃபைதான் காணோம். டிமெசேஜில் (கர்னல் செய்திகள்) ஃபர்ம்வேர் (வைஃபை சிப்புக்குள் ஏற்றவேண்டிய மென்பொருள்) லோட் ஆகவில்லை, எரர் -2 என்கிறது.

மாட்யூல்வாசி:
எல்லாவற்றையும் ஒய் ஆக்கியதன் பலன் :) -2 என்றால் கோப்பு கிடைக்கவில்லை. வைஃபை டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருப்பதால், ரூட் மவுண்ட் ஆகும் முன்பே ஃபர்ம்வேரைத் தேடுகிறது. டிரைவரை எம்-க்கே திருப்புங்கள். எக்ஸ்ட்ரா ஃபர்ம்வேர் ஆப்ஷனில் கோப்பையும் கர்னலுக்குள் பொதிக்கலாம்தான், ஆனால் ஃபர்ம்வேர் மாறும்போதெல்லாம் மறு பில்ட். நான் செய்யமாட்டேன்.

பூட்வரி:
அடுத்த முறை கையால் கழற்றாமல் லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டிப் பாருங்கள். அந்த நேரத்தில் லோட் ஆகியிருக்கும் மாட்யூல்களை மட்டுமே வைத்துக்கொள்ளும், அதனால் பென்டிரைவ், வெப்கேம் எல்லாவற்றையும் முதலில் செருகிவிடுங்கள். பழைய கர்னல் என்ட்ரியை கிரப்பிலிருந்து நீக்கவேண்டாம்.